ஆர்டிஸும் மூன்றாம் சதுரமும்

எங்கள் மேரோ ஊரில் ஆர்டிஸ் ஹோலுபெக்கிடம் திட்டு வாங்காத ஆள் ஒருவர் இருந்தால், அவர் போன வாரம்தான் குடிவந்தவராக இருக்க வேண்டும். நான் முப்பது வருஷமாக வாங்கிக்கொண்டிருக்கிறேன். அதனால் அவர் கதையைச் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

ஆர்டிஸ் முப்பத்தோரு வருஷம் தபால் கொண்டுபோன பெண்மணி. நெப்ராஸ்கா மாநிலத்தில் பண்ணை வீடுகளுக்குத் தபால் போடுவது காரில்தான். எங்கள் கார்களில் ஸ்டீரிங் இடது பக்கம்; ஆனால் பெட்டி எட்ட வேண்டுமே என்று வலது பக்க இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, இடது கையால் ஸ்டீரிங்கையும் இடது காலால் பிரேக்கையும் எட்டிப் பிடித்து, வலது கையால் சாலையோரப் பெட்டிக்குள் கடிதத்தைத் திணிக்க வேண்டும். ஒரு நாளைக்கு நூற்றுப்பதினெட்டுப் பெட்டிகள். பனி கொட்டினாலும் புழுதி அடித்தாலும் ஆர்டிஸ் ஒரு பெட்டியைக்கூட விட்டதில்லை. ஒவ்வொரு வீட்டு நாயின் பெயரும், அது கடிக்குமா குரைக்க மட்டும் செய்யுமா என்பதும் அவருக்குத் தெரியும்.

பெட்டியின் அடிப்பாகம் சாலையிலிருந்து நாற்பத்தோரு அங்குலத்துக்குக் குறையக் கூடாது, நாற்பத்தைந்துக்கு மிஞ்சக் கூடாது என்று தபால் துறையில் ஒரு விதி உண்டு. அந்த விதியை வேதவாக்காக எடுத்துக்கொண்ட ஜீவன் ஆர்டிஸ் ஒருவர்தான். மாட்டுத்தீவனக் கடையில் இலவசமாகக் கொடுத்த மர அளவுகோல் ஒன்று எப்போதும் காரில் கிடக்கும். அளந்து பார்த்து, இளஞ்சிவப்புச் சீட்டில் எழுதிப் பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போவார்: 'ஒன்றரை அங்குலம் தாழ்வு. சரி செய்யவும். ஆ.ஹோ.' டுவேன் ஸ்ட்ரவுட் என்ற சோள விவசாயிக்கு மட்டும் பத்தொன்பது சீட்டு வந்திருக்கிறது. அவன் பத்தொன்பதையும் தன் கொட்டகைக் கதவில் வரிசையாக ஆணி அடித்து மாட்டிவைத்தானே தவிர, பெட்டியை உயர்த்தவில்லை. ஆனால் டுவேனின் அம்மா வில்மா உயிரோடு இருந்தவரை, அதே தாழ்ந்த பெட்டிக்குள் வருஷா வருஷம் ஆர்டிஸுக்கு ருபார்ப் என்கிற புளிப்புத் தண்டில் செய்த ஜாம் ஒரு பாட்டில் வைப்பார். தபால் பெட்டியில் ஜாம் வைக்கக் கூடாது என்றும் விதி உண்டு. அந்த விதியை மட்டும் ஆர்டிஸ் கண்டுகொள்ள மாட்டார்.

ஓய்வு பெற்றபோது அவருடைய பாதை எனக்கு வந்தது. சாவியைக் கொடுத்தார், பெட்டிகளின் பட்டியலைக் கொடுத்தார். அளவுகோலைக் கொடுக்கவில்லை.

"அது என்னோடது, வெண்டல். உனக்கு அளக்கத் தெரியாது."

அதற்குப் பிறகு ஊர்ச் சரித்திரம்தான் அவருடைய முழுநேர வேலை. மூடிப்போன பெட்ரோல் நிலையத்தில் ஊர் அருங்காட்சியகம். செவ்வாயும் வியாழனும் ஒன்றிலிருந்து நான்கு மணி வரை திறந்திருக்கும். எங்கள் ஊரில் வயதானவர் ஒருவர் போய்ச் சேர்ந்தால், பிள்ளைகள் வீட்டைக் காலி செய்யும்போது யாருக்கும் வேண்டாத சாமானெல்லாம் 'சரித்திரம்' ஆகிவிடும். அப்படி வந்து சேர்ந்தவை நாற்பத்தொரு இஸ்திரிப் பெட்டிகள், ஒன்பது கால்மிதி ஆர்மோனியப் பெட்டிகள். பத்தாவது ஒன்றை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தவனிடம் ஆர்டிஸ் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"உங்க கொள்ளுத்தாத்தா மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா அவர் பெட்டிய நீயே உங்க ஹால்ல வச்சுக்கோ. பாட்டு வராட்டி பூச்சட்டியாவது வை."

அவர் ஆராய்ச்சி செய்கிற முறையே அலாதி. அடக்கம் முடிந்தபின் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் போடுகிற சாப்பாட்டில்தான் அவருக்குப் பாதித் தகவல் கிடைக்கும். ஹாம் சாண்ட்விச்சும் உருளைக்கிழங்கு சாலடும் தட்டில் எடுத்துக்கொண்டு, கூட்டத்திலேயே வயதான ஆளாகப் பார்த்துப் பக்கத்தில் உட்காருவார். இறந்தவரின் பழைய படங்களை ஓர் அட்டையில் ஒட்டி வைத்திருப்பார்கள் அல்லவா, அதிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி, "இந்த மீசைக்காரர் யாரு? இந்தக் குதிரை யாரோடது?" என்று கேட்டு, படத்தின் பின்னால் பென்சிலால் பெயர் எழுதி, மறுபடி ஒட்டிவிடுவார். என் மாமனார் அடக்கத்திலும் அதைச் செய்தார். என் மனைவிக்குக் கோபம் வந்தது. ஆனால் மீசைக்காரர் யார் என்று எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

தபால் வேலையில் இருந்தபோதே இப்படி எட்டு வருஷம் துருவித் துருவிச் சேர்த்ததை ஊருக்கு நூற்றிருபத்தைந்து வயது ஆனபோது புத்தகமாகப் போட்டார். நானூறு பேர் இருக்கிற ஊரில் அறுநூறு பிரதி விற்றது. பைபிளுக்கு அடுத்தபடியாக எங்கள் எல்லார் வீட்டிலும் இருக்கிற புத்தகம் அதுதான். அதில் பிழை இருக்கலாம் என்று யாரும் நினைத்ததில்லை. ஆர்டிஸ் நினைக்கவே இல்லை.

புத்தகத்தின் நாயகி டெம்பரன்ஸ் கால்ட். கணவனை இழந்தவள், இரண்டு பிள்ளைகளோடு மாட்டு வண்டியில் வந்து இந்தப் புல்வெளியில் முதலில் தங்கியவள். மரம் கிடையாது, கல் கிடையாது. ஓடைக்கரை மேட்டைக் குடைந்து, முன்பக்கம் மண்கட்டி அடுக்கி, மேலே ஒரு புகைபோக்கியை நீட்டிவிட்டால் வீடு. அந்த மண்குழி வீட்டில் ஒரு சோப்புப் பெட்டியை வைத்து இந்த வட்டாரத்துக்கே முதல் தபால் நிலையம் நடத்தியிருக்கிறாள். ஆர்டிஸ் அவளைப் பற்றிப் பேசும்போது கூட வேலை பார்த்தவளைப் பற்றிப் பேசுவது போலவே இருக்கும். "டெம்பரன்ஸ் இருந்திருந்தா இப்படிக் கடிதத்த மடிச்சுத் திணிக்க மாட்டா" என்று என்னைத் திட்டியிருக்கிறார்.

அந்த வீடு இருந்த இடத்தில், லாவான் பிங்கமின் மேய்ச்சல் நிலத்தில், மேட்டைக் குடைந்த ஒரு பழைய குழிக்குப் பக்கத்தில், பளிங்கு போல் வழவழப்பான ஒரு நினைவுக்கல் நிற்கிறது. ஆர்டிஸ் பிறப்பதற்குப் பல வருஷம் முன்பே அந்தக் காலத்துக் குழு ஒன்று நட்டது. ஒவ்வொரு மே மாதமும் ஊர் முழுக்க அங்கே கூடிச் சாப்பிடும். லாவான் ஆர்டிஸின் பள்ளித் தோழி.

ஊருக்கு நூற்றைம்பது நிறைகிற வருஷம், அந்த மே மாத ஞாயிற்றுக்கிழமை ஆர்டிஸுக்கு ஊர் சார்பாக ஒரு பட்டயம் கொடுப்பதென்று ஏற்பாடு. புத்தகம் வந்து இருபத்தைந்து வருஷம் ஆனதற்காக. அதற்கு முந்தின வியாழக்கிழமை, ஒரு பழுப்பு உறையை நான்தான் அருங்காட்சியகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். தலைநகரத்து ஆவணக் காப்பகத்துக்கு ஆர்டிஸ் எழுதிக் கேட்டிருந்த நகல். அந்தக் காலத்தில் தபால் துறை ஒவ்வொரு தபால் நிலையத்துக்கும் ஒரு படிவம் அனுப்பி, 'உங்கள் அலுவலகம் சரியாக எங்கே இருக்கிறது' என்று கேட்குமாம். டெம்பரன்ஸ் தன் கையாலேயே நிரப்பிய படிவம்.

ஆர்டிஸ் உறையைக் கிழித்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகப் படித்தார். "மூன்றாம் சதுரம், வடமேற்குக் கால்பகுதி. ஓடை கொக்கி போல் வளைகிற இடத்திலிருந்து நாற்பது கெஜம். அலுவலகம் மண்ணுக்குள் இருக்கிறது. புகைபோக்கியைப் பார்த்து வரவும்." படித்துவிட்டுக் குழந்தை மாதிரி சிரித்தார். "கேட்டியா வெண்டல்? புகைபோக்கியப் பார்த்து வரணுமாம்!"

சிரித்துக்கொண்டே சுவரில் இருந்த நிலப்படத்தில் விரலை வைத்தார். இங்கே நிலமெல்லாம் மைலுக்கு மைல் சதுரமாக வெட்டி எண் போட்டது. முப்பத்தாறு சதுரம் ஒரு கட்டம். எண் போடுவதில்தான் சூட்சுமம். மேல் வரிசையில் வலது கோடியில் ஒன்று என்று ஆரம்பித்து இடது பக்கம் ஆறு வரை போய், அடுத்த வரிசையில் இடமிருந்து வலமாகத் திரும்ப வேண்டும், ஏர் ஓட்டுகிறவன் வயல் கோடியில் மாட்டைத் திருப்புகிற மாதிரி. ஆர்டிஸின் விரல் வலது கோடியிலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று நகர்ந்து நின்றது. நின்ற இடம் லாவானின் மேய்ச்சல் நிலம் இல்லை. அதற்குக் கிழக்கே அடுத்த சதுரம், டுவேன் ஸ்ட்ரவுட்டின் சோள வயல்.

அவர் மறுபடி எண்ணினார். விரல் மறுபடியும் அங்கேயே நின்றது. பிறகு தன் புத்தகத்தை எடுத்துப் பதினான்காம் பக்கத்தைத் திறந்தார். அதில் ஒரு சின்ன வரைபடம். அந்தக் காலத்துக் குழுவில் வரைபடம் போட்ட ஆள் கிழக்கிலிருந்து வந்த வங்கிக் கணக்கர், ஏரைத் தொட்டே பார்க்காதவர். புத்தகம் படிக்கிற மாதிரி இடமிருந்து எண்ணியிருக்கிறார். இடமிருந்து மூன்றாவது சதுரம் உண்மையில் நான்காம் எண். கல்லை ஒரு மைல் தள்ளி நட்டுவிட்டார்கள். அதை ஆர்டிஸ் அப்படியே பார்த்துப் போட்டிருக்கிறார். பதினைந்தாம் பக்கத்தில் 'மூன்றாம் சதுரம்' என்று நிலப் பத்திரத்தை அச்சிட்டிருக்கிறார், எதிர்ப்பக்கத்திலேயே நான்காம் சதுரத்துக் கல்லின் படம். இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. அவர் வாழ்நாள் முழுக்கப் பெட்டி எண்ணை வைத்தே ஊரைப் பார்த்தவர். கல்லில் பொறித்து வைத்ததை யார்தான் அளந்து பார்ப்பார்கள்?

"ஒரு மைல்," என்றார் ஆர்டிஸ். முகம் வெளுத்துவிட்டது. "அரை அங்குலத்துக்கெல்லாம் சீட்டு எழுதினேனே வெண்டல். ஒரு மைல்!"

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. முப்பது வருஷக் கடன் அல்லவா. ஆனால் அடுத்தபடி அவர் சொன்னதைக் கேட்டுச் சிரிப்பு நின்றது.

"டுவேனோட வயல்ல ஓடை வளையுற இடத்துல ஒரு குப்பைக்குழி இருக்கு. அதைத்தானே திங்கக்கிழமை மூடப் போறான்?"

ஆமாம், அதேதான். டுவேனின் வயலில் தண்ணீர் தெளிக்கிற குழாய் கால் மைல் நீளம், சக்கரங்களின் மேல் நின்றபடி நடு முளையைச் சுற்றிவருவது. அந்தக் குழி குறுக்கே இருப்பதால் அது முழு வட்டம் போக முடியாமல், காரின் கண்ணாடித் துடைப்பான் போல ஒன்பது வருஷமாகப் போய்ப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தது. விதைப்புக்கு முன்னால் மூடிவிடுவதென்று திங்கட்கிழமைக்குப் புல்டோசர் சொல்லியிருந்தான். ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

மறுநாள் தபால் வேலை முடிந்ததும் அவரை அழைத்துக்கொண்டு போனேன். ஓடை கொக்கி போல் வளைகிற இடம் அந்த ஒன்றுதான். ஆர்டிஸ் அளவுகோலை எடுத்து, ஓடையிலிருந்து மூன்று அடி மூன்று அடியாகப் புரட்டிப் புரட்டி அளந்துகொண்டே வந்தார். நாற்பதாவது கெஜத்தில் அவர் கால் பட்டது ஒரு பழைய சலவை இயந்திரத்தில். குழி நிறைய மூன்று தலைமுறைக் குப்பை: முள்கம்பிச் சுருள், டிராக்டர் டயர், கதவில்லாத குளிர்பெட்டி, ஒரு கார் பின்சீட். ஆனால் பின்னால் மேடு செங்குத்தாக வெட்டியிருந்தது. தண்ணீர் அரித்த மேடு அப்படி நிற்காது.

டுவேன் தன் வண்டியில் வந்து இறங்கினான். அறுபது வயது ஆள், தொப்பியைக் கழற்றாமல் நெற்றியைச் சொறிவான். ஆர்டிஸ் எல்லாவற்றையும் சொன்னார். அவன் பொறுமையாகக் கேட்டான்.

"அது எப்படி ஆர்டிஸ்? டெம்பரன்ஸ் வீடு லாவான் நிலத்துலன்னு புத்தகத்துல போட்டிருக்கே."

"புத்தகம் தப்பு."

"உங்க புத்தகமா? தப்பா?" வானத்தைப் பார்த்தான். "நான் சாதாரண ஆளு. புத்தகத்துல என்ன இருக்கோ அதைத்தான் நம்புவேன். இன்னைக்கு நீங்க ஒண்ணு சொல்றீங்க, புத்தகம் இன்னொண்ணு சொல்லுது. ஒன்பது வருஷமா பாதி வட்டத்துல தண்ணி பாய்ச்சுறேன். வேணும்னா ஒண்ணு செய்யுங்க. ஞாயித்துக்கிழமை எல்லாரும் வருவாங்க, மைக்கும் இருக்கும். புத்தகம் தப்புன்னு அங்க சொல்லுங்க. அப்புறம் நான் யோசிக்கிறேன்."

சிரிக்கவில்லை. ஆனால் கொட்டகைக் கதவில் இருந்த பத்தொன்பது சீட்டும் அவன் கண்ணில் தெரிந்தன.

திரும்பி வரும்போது ஆர்டிஸ் வழியில் ஒரு பெட்டியைக்கூடத் திட்டவில்லை.

"வெண்டல், இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"உங்களுக்கு, எனக்கு. டுவேனுக்குத் தெரியும், ஆனா நம்பலைங்கிறான்."

"அப்போ நான் பேசாம இருந்துட்டா, திங்கக்கிழமைக்கு அப்புறம் யாருக்குமே தெரியாது. பட்டயத்த வாங்கிக்கிட்டு, கையக் கொடுத்துட்டு, வீட்டுக்குப் போயிடலாம்."

"போயிடலாம்," என்றேன். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. எழுபத்து நாலு வயது. இந்த ஊரில் அவருக்குப் பிள்ளை குட்டி கிடையாது, வீட்டுக்காரர் போய்ப் பதினைந்து வருஷம். அந்தப் புத்தகம்தான் எல்லாம். ஒரு பிழையை ஒத்துக்கொண்டால், மற்ற முந்நூறு பக்கத்தையும் நாளைக்கு யார் வேண்டுமானாலும் காபிக் கடையில் உட்கார்ந்து கிண்டல் பண்ணுவார்கள். பெட்டி உயரத்துக்காகத் திட்டு வாங்கிய நூற்றுப்பதினெட்டு வீடும் காத்துக்கொண்டிருக்கிறது.

"அவ எழுதியிருக்காடா," என்றார் திடீரென்று. "'புகைபோக்கியப் பார்த்து வரவும்'னு. நூத்தைம்பது வருஷமா ஒருத்தரும் வரலை. வேற யாரோட மேட்டுக்கோ போய்ப் பூ வச்சுட்டு வந்துட்டோம்." மூக்கை உறிஞ்சினார். பிறகு, "அந்தப் பெட்டியப் பார்த்தியா? சாய்ஞ்சிருக்கு," என்று சாலையோரத்தைக் காட்டித் திட்ட ஆரம்பித்தார். எனக்கு மூச்சு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்தது. லாவானின் மேய்ச்சல் நிலத்தில் மடக்கு நாற்காலிகள், நீள மேசைகள், கோழி வறுவல், பிளம் வைத்த கொலாச்சி ரொட்டி, ருபார்ப் வைத்துச் சுட்ட இனிப்பு. ஆர்டிஸ் தன் பங்குக்குக் கொண்டுவந்த உருளைக்கிழங்கு சாலடில் உப்புப் போட மறந்திருந்தார். எல்லாரும் 'அருமை' என்று சொல்லிச் சாப்பிட்டார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் அப்படித்தான். வாயில் வைக்க முடியாததையும் அருமை என்றுதான் சொல்வார்கள்.

பட்டயத்தைக் கையில் கொடுத்தார்கள். கைதட்டல். ஆர்டிஸ் மைக்கைப் பிடித்தார்.

"இத வாங்கிக்கிறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லணும். புத்தகத்துல பதினாலாம் பக்கம் தப்பு. நாம இப்ப உக்காந்திருக்கிற இடம் டெம்பரன்ஸ் கால்ட் வீடு இல்ல. அது இங்கேருந்து ஒரு மைல் கிழக்கே, டுவேன் வயல்ல, குப்பைக்குழிக்கு அடியில இருக்கு. சதுரத்த எண்ணத் தெரியாத ஒருத்தர் வரைஞ்ச படத்த நான் சரிபார்க்காம போட்டுட்டேன். உங்க எல்லாரையும் அங்குலம் அங்குலமா அளந்து திட்டினவ நான். என்னை நானே அளக்கலை. மன்னிச்சிடுங்க."

ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன், ஏதோ நானே மாட்டிக்கொண்டது போல.

முன்வரிசையிலிருந்து லாவான் எழுந்தார். "அப்பாடா! இப்பவாவது சொன்னியே."

"என்னடி சொல்றே?"

"நான் கல்யாணமாகி வந்த வாரமே என் மாமனார் சொல்லிட்டார், இந்தக் கல்லுக்குப் பக்கத்துல இருக்கிற குழி அவர் உருளைக்கிழங்கு போட்டுவைக்க வெட்டினதுன்னு."

"அப்போ ஏன்டி எங்கிட்ட சொல்லலை?"

"எட்டு வருஷம் பாடுபட்டு எழுதியிருந்தே. கல்லோட படம் வேற நல்லா வந்திருந்துது. எப்படிச் சொல்றது? ஆனா ஒண்ணு கேட்டுக்கோ. ஐம்பது வருஷமா என் மாடுங்க மேயுற இடத்துல நீங்கல்லாம் வந்து கோழி எலும்பு போட்டுட்டுப் போறீங்க. அந்தக் கல்ல இன்னைக்கே தூக்கிட்டுப் போனாலும் எனக்குச் சந்தோஷம்தான்."

அப்போதுதான் சிரிப்பு வெடித்தது. ஆர்டிஸும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. அந்தச் சிரிப்பில் நிறையப் பேர் அவர் முகத்தைப் பார்க்காமல் தட்டைப் பார்த்துச் சிரித்தார்கள். அது ஏன் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

கூட்டம் கலைகிறபோது டுவேன் வந்தான்.

"எத்தனை அங்குலம் தப்பு, ஆர்டிஸ்?"

"அறுபத்து மூவாயிரத்து முந்நூத்தி அறுபது," என்றார் உடனே. கணக்குப் போட்டு வைத்திருந்திருக்கிறார்.

டுவேன் சட்டைப்பையிலிருந்து ஓர் இளஞ்சிவப்புச் சீட்டை எடுத்து நீட்டினான். எங்கே பிடித்தானோ, அதே அளவு, அதே நிறம். அதில் எழுதியிருந்தது: 'கல் ஒரு மைல் மேற்கே தள்ளியிருக்கிறது. சரி செய்யவும். டு.ஸ்.'

ஆர்டிஸ் அதை இரண்டு தடவை படித்தார். "கையெழுத்து மோசம்," என்று சொல்லிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

"புல்டோசர் நாளைக்கு வரும்," என்றான் டுவேன். "வரச்சொன்னவனத் திருப்பி அனுப்ப முடியாது. ஆனா மூடுறதுக்குப் பதிலா குப்பைய வெளிய இழுக்கச் சொல்றேன்."

"உன் தண்ணிக் குழாய்?"

"ஒன்பது வருஷம் துடைச்சாச்சு. இன்னும் துடைக்கட்டும்."

திங்கட்கிழமை பாதி ஊர் அங்கேதான் இருந்தது. நான் தபாலைச் சீக்கிரம் போட்டுவிட்டு ஓடினேன். சலவை இயந்திரமும் டயர்களும் வெளியே வந்த பிறகு மண்வெட்டியால் மெல்ல எடுத்தோம். பெரிய புதையல் ஒன்றும் இல்லை. நடுவில் தேய்ந்து பள்ளமான ஒரு வாசற்படிக் கல், துருப்பிடித்த அடுப்பு மூடி ஒன்று, மேட்டின் உச்சியிலிருந்து கீழே வரை கரி படிந்த ஒரு துளை. ஆர்டிஸ் அந்தத் துளைக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்த்தார். வட்டமாக வானம் தெரிந்தது. "வந்துட்டேன்," என்றார் மெதுவாக.

கதை இத்துடன் முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஆர்டிஸுக்கு அறுநூறு புத்தகம் உறுத்தியது. திருத்தச் சீட்டு அச்சடித்தார், உள்ளங்கை அகலம், சரியான வரைபடத்தோடு. தபால்தலை ஒட்டாமல் தபால் பெட்டியில் போடுவது விதிப்படி குற்றம். அதனால் வீடு வீடாகப் போய்த் தன் கையாலேயே ஒட்டுவேன் என்றார். என் விடுமுறையில் நான் காரோட்ட, அவர் பழையபடி வலது பக்கம் உட்கார்ந்துகொண்டார்.

முதல் வீட்டில் காபி, கேக். புத்தகத்தை எடுத்து வந்தார்கள். ஆர்டிஸ் பதினான்காம் பக்கத்தைத் திறந்து பசைக்குச்சியை எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஓரத்தில் பென்சிலால் சின்னதாக எழுதியிருந்தது: '4, 3 அல்ல.'

"இது யார் எழுதினது?"

வீட்டுக்காரர் அசடு வழிந்தார். "அப்பா... புத்தகம் வந்த வாரம். சதுரம்னா அவருக்கு நல்லாத் தெரியும்."

"ஏன் சொல்லலை?"

"நீங்க சங்கடப்படுவீங்களேன்னு."

மூன்றாவது வீட்டில் ஒரு அம்புக்குறி. ஏழாவது வீட்டில் 'ஹும்' என்று ஒரே ஒரு வார்த்தை. ஒரு வீட்டில் ரூலர் வைத்து முழு வரைபடத்தையும் திருத்தி, அடியில் 'மற்றபடி மிக நல்ல புத்தகம்' என்றுகூட எழுதியிருந்தார்கள். முதல் நாள் முடிவில் கணக்கெடுத்தால் நாற்பத்து மூன்று வீட்டில் பதினொன்று.

"பதினோரு பேர்!" காரில் ஆர்டிஸ் குதித்தார். "இருபத்தஞ்சு வருஷமா என் முகத்தப் பார்த்து 'என்ன அருமையான புத்தகம்'னு சொல்லிட்டு, வீட்டுக்குள்ள உக்காந்து திருத்தியிருக்காங்க! நான் ஒரு அங்குலத்துக்குச் சீட்டு எழுதினேன். இவங்க ஒரு மைலுக்கு வாயத் திறக்கலை! இவங்களையெல்லாம் என்ன செய்யலாம் வெண்டல்?"

"என் புத்தகத்தப் பார்க்காதீங்க," என்றேன்.

என்னை முறைத்தார். எங்கள் வீட்டுப் பிரதியில் என் மாமனார் எழுதியிருந்தார், சத்தியமாக நான் இல்லை. அதோடு பன்னிரண்டு.

கடைசியாக டுவேனின் வீடு. அவன் அலமாரி மேலிருந்து புத்தகத்தைத் தூசி தட்டி எடுத்துக் கொடுத்தான். "இது அம்மாவோடது. எங்க குடும்பப் படம் இருக்கிற பக்கம் தவிர நான் எதையும் பிரிச்சதில்ல."

ஆர்டிஸ் பிரித்தார். ஓரத்தில் வில்மாவின் சாய்ந்த கையெழுத்து, பக்கம் முழுக்க: 'தப்பு. டெம்பரன்ஸ் வீடு எங்கள் குப்பைக்குழியில்தான். எங்கள் வீட்டு ஆண்களிடம் அங்கே குப்பை போடாதீர்கள் என்று சொன்னால் கேட்பதில்லை. ஆர்டிஸிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லவும் வேண்டாம். அவளே ஒரு நாள் கண்டுபிடிப்பாள். அவள் விடுகிற ஆள் இல்லை.'

டுவேன் எட்டிப் பார்த்துப் படித்தான். தொப்பியைக் கழற்றினான். அவன் தலையில் முடி இல்லை என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஆர்டிஸ் விரலால் அந்த வரிகளைத் தடவினார். பசைக்குச்சியை மூடிக் கைப்பைக்குள் போட்டார். அந்த ஒரு புத்தகத்தில் மட்டும் சீட்டு ஒட்டவில்லை. அறுநூறில் வீடு சரியாக எங்கே என்று சொல்கிற பிரதி அது ஒன்றுதான் என்றார். டுவேன் சமையலறைக்குப் போய், பின்னால் எங்கோ மிச்சமிருந்த பழைய ஜாம் பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்தான், அம்மா போட்ட கடைசி ஜாம், பன்னிரண்டு வருஷப் பழசு. யாரும் சாப்பிட முடியாது. ஆர்டிஸ் அதை இரண்டு கையாலும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

கார் வாசலைத் தாண்டும்போது, "நிறுத்து," என்றார். நிறுத்தினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஜன்னலை இறக்கி, பின்னால் கிடந்த அளவுகோலை எடுத்து, டுவேனின் தபால் பெட்டியை அளந்தார். அவன் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"டுவேன்!" என்று கத்தினார். "இன்னும் ஒன்றரை அங்குலம் தாழ்வு!"

"தெரியும் ஆர்டிஸ்!" என்று அவனும் கத்தினான். "நீங்க சங்கடப்படுவீங்கன்னுதான் சொல்லலை!"

ஆர்டிஸ் அளவுகோலை என் மடியில் போட்டார். "இனிமே நீயே அளந்துக்கோ," என்றார். "ஆனா சீட்டு எழுதாத. நேர்ல போய்ச் சொல்லு."